பத்து நிமிடத் தேய்மானம்

இரவு முழுக்க ஸ்காபரோவில் ஸ்னோ. காலை வகுப்புக்குப் பிந்திவிட்ட அவசரத்தில், வாசல் வழிக்கிற ஷவலாலேயே அப்பாவின் காரையும் வழித்துவிட்டேன். வெயில் பட்டபோதுதான் பார்த்தேன், பொனட் முழுக்கக் கீறல்!

பெயின்டுக்கு மேலுள்ள கிளியர்கோட் கிட்டத்தட்ட 50 மைக்ரான்தான், ஒரு தலைமயிர் அளவு. ஐஸோடு ஒட்டியிருக்கிற ரோட்டு உப்பும் மண்ணும் அதை அரம் மாதிரி உராய்ந்துவிடும்.

இரண்டு வேலை செய்து வாங்கிய கார். அப்பா ஏசவில்லை. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, ஓடுதுதானே" என்றார். ஏசியிருக்கலாம்.

இப்போது ஃபோம் பிரஷ்தான். மேல் ஸ்னோவை மட்டும் தள்ளுவேன். பெயின்டோடு ஒட்டியதைச் சுரண்டாமல் உருக விடுவேன். சுரண்டி கண்ணாடிக்கு மட்டும்.

கணக்கியலில் தேய்மானத்தை வருடக் கடைசியில் பதிவார்கள். நான் பத்தே நிமிடத்தில் பதிந்துவிட்டேன். நீங்கள் பதியாதீர்கள் மக்களே.