சேரும் முன் கோர்ட்டைப் பார்!

திருத்தணி கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் காதில் விழும். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நகரி, அதாவது ஆந்திரா. இந்தத் திருத்தணியே ஆறரை வருஷம் ஆந்திராவில் இருந்தது என்றால் நம்புவீர்களா?

1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. பிறகு படாஸ்கர் எல்லையைப் பிரிக்க வழி சொன்னார். 1959-ல் பார்லிமெண்ட் சட்டம் போட்டது. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி மெட்ராஸ் மாநிலத்தில் சேர்ந்தது.

படாஸ்கர் பார்த்தது என்ன? கிராமம் கிராமமாக எந்த மொழிக்காரர்கள் அதிகம், நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா, அவ்வளவுதான். நிர்வாகம் எப்படி, கோர்ட் எப்படி என்று யாரும் மார்க் போடவில்லை.

ஏன்? ஒரு நிலத் தகராறை வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்துத் திருத்தணிக்காரர் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போவதென்றால் முதலில் மெட்ராஸ். 1954 ஜூலையில் ஆந்திர ஹைகோர்ட் வந்ததும் குண்டூர். 1956 நவம்பரில் ஹைதராபாத். 1960-ல் திரும்பவும் மெட்ராஸ். ஆறு வருஷத்தில் நாலு விலாசம்! அலைச்சல்தான். ஆனால் 1908-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம் எல்லா இடத்திலும் ஒன்றே. மேலே அதே சுப்ரீம் கோர்ட். மாநிலச் சட்டங்கள் வேறுபட்ட இடங்களில் பழையது தொடர்ந்தது, மெட்ராஸ் சட்டங்கள் பிறகு நீட்டிக்கப்பட்டன. பரீட்சை தேவைப்படவில்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே அரசியல் சட்டம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வரும் நாட்டுக்கு இந்த வசதி கிடையாது. அதற்கென்று தனி அரசியல் சட்டம், தனி நீதிபதிகள், தனி வழக்கங்கள். அதனால் 1993-ல் கோபன்ஹேகனில் நிபந்தனைகள் போட்டார்கள். ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, மனித உரிமை, சிறுபான்மையினர் பாதுகாப்பு, தாக்குப்பிடிக்கும் பொருளாதாரம். பேச்சுவார்த்தையில் நீதித்துறைக்கென்றே 23-ஆம் அத்தியாயம் இருக்கிறது.

இதைச் சரியாகப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? ருமேனியாவும் பல்கேரியாவும் 2007-ல் சேர்ந்தபோது நீதித்துறைச் சீர்திருத்தம் பாதியில் நின்றது. சேர்த்துக்கொண்டு, தனிக் கண்காணிப்பு ஏற்பாடு வைத்தார்கள். அதை முடிக்க 2023 ஆகிவிட்டது! குரோஷியா உஷாராக நடத்தப்பட்டது. 2005-ல் பேச்சு தொடங்கி, 23-ஆம் அத்தியாயம் 2011-ல்தான் மூடப்பட்டது. 2013-ல் உள்ளே வந்தது. அதற்குப் பின் பேச்சு தொடங்கிய நாடுகளுக்கு நீதித்துறை அத்தியாயங்கள் முதலில் திறந்து கடைசியில் மூடும் என்று விதியே வந்துவிட்டது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு கம்பெனியை வாங்கும் முன் கணக்கைப் புரட்டுவார்கள். கையெழுத்து போட்ட பிறகு ஓட்டை தெரிந்தால் பேரம் பேச முடியாது. 2004-ல் உள்ளே வந்த ஹங்கேரியின் நீதித்துறை பற்றிப் பின்னாளில் புகார் எழுந்தபோது, ஒன்றியத்தால் நிதியை நிறுத்தத்தான் முடிந்தது. வெளியே அனுப்ப வழியே இல்லை.

இன்னொரு விஷயம். சட்டத்தை ஒரே ராத்திரியில் நிறைவேற்றலாம். மதிப்பீடு செய்கிறவர் அதற்கு மார்க் போடக் கூடாது. அரசாங்கத்துக்கு எதிராக ஒரு சாதாரண ஆள் வழக்குப் போட்டால் ஜெயிக்க முடிகிறதா? தீர்ப்பு வந்தால் அமலாகிறதா? ஆளும் கட்சிக்குப் பிடிக்காத நீதிபதி பதவியில் நீடிக்கிறாரா? கேட்க வேண்டியது இவைதான்.

திருத்தணிக்காரருக்கு அன்று மாறியது ஹைகோர்ட் இருக்கும் ஊர் மட்டும். கோர்ட்டின் மேல் உள்ள நம்பிக்கையே புதிதாக வர வேண்டிய நாட்டில், கதவைத் திறக்கும் முன் பார்ப்பதுதான் இரண்டு பக்கத்துக்கும் நல்லது.