இல்லாத ஊருக்கு வழி

கதை எழுதுகிறவனை, இல்லாத ஊருக்குப் போகாத வழி சொல்கிறவன் என்று கேலி செய்வதுண்டு. கோபமில்லை. அந்த இல்லாத ஊர் தாம்பரத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது என் கட்சி.

2016 ஜூலையில் அயல்நாடுகளிலும், டிசம்பரில் நம் நாட்டிலும் 'போக்கிமான் கோ' என்ற கைபேசி விளையாட்டு வந்தது. நம் தெருவையே கைபேசியில் பார்த்தால், அதில் ஒரு மாயப் பிராணி நிற்கும். நடந்து போய்த்தான் பிடிக்கவேண்டும். அதற்கு வேண்டிய சாமான்கள் கோயில், சிலை போன்ற மெய்யான இடங்களில் கிடைக்கும். பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பையன் மட்டும், "தெருக்கோடியில் பிள்ளையார் இருப்பதே இப்போதுதான் தெரியும், ஸார்!" என்றான்.

இது புதிதா என்ன? 1944-ல் கல்கி 'சிவகாமியின் சபத'த்தைத் தொடங்கினார். மகேந்திர பல்லவர் சரித்திரத்தில் வாழ்ந்தவர்; சிவகாமி கல்கியின் மனத்தில் பிறந்தவள். மாமல்லபுரம் போனால் நான் தேடுவது அவளைத்தான். அவளைத் தேடப் போய்த்தான் கல்லைப் பார்க்கக் கற்றேன். கைபேசியை அணைத்தால் பிராணி மறைந்துவிடும். புத்தகத்தை மூடினாலும் சிவகாமி போகமாட்டாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

பல்லாவரத்துக் குன்றில் அதே மகேந்திரர் குடைவித்த குகை இருக்கிறது. இன்று அது தர்கா. தொழ வருகிறவர்களைத் தவிர, தினமும் மின்சார ரயிலில் அந்த ஸ்டேஷனைக் கடப்பவர்களில் எத்தனை பேர் ஏறிப் பார்த்திருப்பார்கள்? மெய் ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு மேலாகக் காத்திருக்கிறது. அதைக் காட்டிக்கொடுக்க ஒரு நல்ல பொய்தான் இன்னும் பிறக்கவில்லை.