மெஷினைத் தொடுவதற்கு முன் ஒரு பக்கம்

எங்கள் பனியன் கம்பெனியில் ஆல்ட்டர் பீஸை, அதாவது திருத்தத்துக்குத் திரும்பி வரும் பீஸைக் குறைக்கும் வேலையை இந்த வாரம் தொடங்குகிறோம். மெஷினைத் தொடும் முன் ஒரே பக்கத்தில் புராஜெக்ட் சார்ட்டர், அதாவது திட்டச் சாசனம் எழுதினோம். 1986-இல் மோட்டோரோலாவில் பிறந்த சிக்ஸ் சிக்மா முறையிலும் முதல் கட்டத்திலேயே இது வந்துவிடும்.

சாசனத்தில் பிரச்சினையை எழுதுவதுதான் கடினம். "டெய்லர்களுக்குக் கவனமில்லை" என்றார் ஒருவர். விசாரிக்காமலே கொடுத்த தீர்ப்பு அது. எந்த லைனில், எந்தத் தையலில், நூறு பீஸுக்கு எத்தனை திரும்பி வருகிறது என்று எழுதினால்தான் ஆளை விட்டுவிட்டு வேலையைப் பார்க்க முடியும். காரணத்தையும் தீர்வையும் அந்த இடத்தில் எழுதவே கூடாது. அளந்த பிறகுதான் அவை தெரியவரும்.

எல்லையும் முக்கியம். எங்களுக்குக் கழுத்து ரிப் தையல் மட்டும். சாயக் கறை இதில் வராது. இலக்கு, காலக்கெடு, குழு எல்லாம் சுருக்கமாக. கீழே முதலாளியின் கையெழுத்து. அது இல்லாவிட்டால், ஷிப்மென்ட் நெருக்கும்போது ஆளையும் நேரத்தையும் கேட்க நமக்கு உரிமை இருக்காது.

உங்கள் கம்பெனியில் இதைச் செய்தால் டெய்லரையும் செக்கிங் அக்காவையும் குழுவில் சேருங்கள். அவர்களைக் கேட்காமல் எழுதிய சாசனத்துக்குக் கையெழுத்து வாங்காதீர்கள்.