புகல்தொட்டியின் விளக்கு நேரம்

கடல்நீர் மீன்தொட்டியோடு குழாயால் இணைந்த சிறிய பக்கத்தொட்டியை ரெஃபூஜியம் என்பார்கள். புகலிடம் என்று பொருள்படும் இலத்தீன் சொல். நான் புகல்தொட்டி என்றே சொல்லிப் பழகிவிட்டேன். மீன்களின் வாய்க்கு எட்டாமல் கோபிபாடு போன்ற நுண்ணிய ஓட்டுடலிகள் அங்கே பெருகும். மீன்கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சிப் பாசி வளரும். வளர்ந்த பாசியை அள்ளி அகற்றினால் அந்தச் சத்துகளும் நீரைவிட்டுப் போய்விடும். அமைப்பு இவ்வளவுதான். ஆனால் அந்தப் பாசிக்கு விளக்கை எப்போது ஏற்றுவது, எப்போது அணைப்பது என்பதைத் தீர்மானிக்க எனக்கு முனீர்க்கா வாடகை அறையில் ஒரு குளிர்காலம் முழுவதும் தேவைப்பட்டது.

பகலில் ஒளி, இரவில் இருள் என்பதே இயல்பான விடையாகத் தோன்றும். பள்ளிப் பாடநூலில் படித்த ‘இருள்வினை’ என்ற சொல்லும் அதற்குத் துணைநிற்கிறது. ஒளிச்சேர்க்கையின் பிற்பகுதி இரவில்தான் நடக்கிறது என்று நம்பும் முதுகலை மாணவர்களை நான் சந்தித்திருக்கிறேன். கால்வின் சுழற்சிக்கு ஒளி நேரடியாகத் தேவையில்லை என்பது மட்டுமே அச்சொல்லின் பொருள். அச்சுழற்சிக்கு வேண்டிய ஏடிபியையும் என்ஏடிபிஎச்சையும் தருவது ஒளிவினை. அதன் நொதிகள் சிலவும் ஒளியால்தான் தூண்டப்படுகின்றன. ஆகவே ஒளிச்சேர்க்கையின் பெயரால் பாசிக்கு இருளைக் கோர முடியாது. வேறு காரணம் வேண்டும்.

இருபத்துநான்கு மணிநேரமும் விளக்கெரிப்பவர்களிடம் காரணம் இருக்கிறது. அதன் பெயர் காலெர்பா. மன்னார் வளைகுடாவிலும் காணப்படும் இந்தப் பச்சைப்பாசி எவ்வளவு கிளைத்துப் படர்ந்தாலும், குறுக்குச் சுவரே இல்லாத ஒற்றைச் செல். இனப்பெருக்கக் காலம் வந்தால் தன் உட்பொருள் முழுவதையும் ஓர் இரவில் பாலணுக்களாக மாற்றி, விடியலில் வெளியேற்றிவிட்டு, வெற்றுத் தோலாக வெளுத்துச் சாகும். பனாமாவின் கரீபியக் கரையில் இவ்வகைப் பாசிகள் விடியற்பொழுதில் ஒருசேரப் பாலணுக்களை வெளியிடுவதைக் கென்னத் கிளிஃப்டன் 1997-இல் ‘சயன்ஸ்’ இதழில் விவரித்தார். கடலில் அது திருவிழா. சிறிய தொட்டியிலோ, பல வாரங்களாக உறிஞ்சிய சத்தெல்லாம் ஒரே காலையில் நீருக்குத் திரும்பும், நீர் பச்சையாகக் கலங்கும், ஆக்சிஜன் குறையும். இடைவிடாத ஒளி இதைத் தள்ளிப்போடும் என்பது வளர்ப்போர் அனுபவம்.

நான் வளர்ப்பது கீட்டோமார்ஃபா. சிக்கலாகிப்போன தூண்டில் நரம்பைப் போன்ற பாசி. இப்படி ஒட்டுமொத்தமாகச் சாவது அதன் வழக்கமன்று. எனவே முழுநாள் ஒளிக்கு அவசியமில்லை. தவிரவும், புகல்தொட்டியின் சிற்றுயிர்கள் பல இருளில்தான் வெளியே வந்து மேய்கின்றன. அவற்றுக்காக ஏற்படுத்திய இடத்தில் அவற்றின் இரவையே பறிப்பது எனக்கு உவப்பில்லை.

எஞ்சிய கேள்வி, விளக்கு பகலிலா இரவிலா என்பது. இங்கேதான் தில்லி குறுக்கிட்டது. இரவில் தொட்டியின் உயிர்களெல்லாம் சுவாசிக்கும். கார்பன் டைஆக்சைடு நீரில் கரைந்து பிஎச் இறங்கும். இறக்கம் 0.3 என்றால் சிறிதாகத் தோன்றும். ஆனால் அது மடக்கை அளவு; ஹைட்ரஜன் அயனிகள் இருமடங்காகிவிட்டன என்று பொருள். வெளிக்காற்றில் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 420 பங்கு இருக்கும் கார்பன் டைஆக்சைடு, ஒருவர் படுத்துறங்கும் மூடிய சிறு அறையில் ஆயிரத்தைத் தாண்டுவது எளிது. சென்னையில் சன்னலைத் திறந்துவிடலாம். நவம்பர் தில்லியில் திறந்தால் உள்ளே வருவது புகை. என் நுரையீரலுக்காகச் சன்னலை மூடினேன். அந்த மூச்சின் மிச்சத்தை நத்தைகளின் ஓடுகள் சுமந்தன. (பவளம் என்னிடம் இல்லை. கற்பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை.)

பிரதான தொட்டி இருளும்போது பாசிக்கு ஒளியூட்டினால் அது கரைந்த கார்பனை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனைத் தரும். ஸ்மித்சோனியனில் செயற்கைப் பவளத்திட்டு அமைத்த வால்ட்டர் ஏடி தம் பாசிப் படுகைகளுக்குக் கையாண்ட முறையும் இதுவே. பவளத்திட்டின் ஆழமற்ற பகுதிகளிலும் இரவுபகல் ஏற்றஇறக்கம் உண்டு, அதை ஏன் சமன்செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே ஒவ்வோர் ஓதமும் புதுநீர் கொண்டுவரும். என் தொட்டிக்கு ஓதம் கிடையாது.

ஆகவே குளிர்காலத்தில் இரவு எட்டு முதல் காலை எட்டு வரை புகல்தொட்டிக்கு ஒளி. கட்டிலிலிருந்து நான்கடி தள்ளியிருக்கும் ஊதாச் சிவப்பு வெளிச்சத்தில் உறங்க முடியாததால், ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து, மேற்புறம் காற்றுக்கு வழிவிட்டு மூடினேன். 20 வாட் எல்இடி பன்னிரண்டு மணிநேரம் எரிந்தால் மாதத்துக்கு 7.2 யூனிட், வீட்டுக்காரரின் துணைமீட்டர் கணக்கில் தாங்கக்கூடியதே.

மார்ச்சில் சன்னல் திறந்ததும் எட்டு மணிநேரமாகக் குறைத்துவிடுவேன். அதற்குமேல் ஒளி தந்து நைட்ரேட் தீர்ந்துபோனால் பாசியே வெளுத்துவிடும். மே மாத வெயிலிலும் இந்த இரவுமுறை உதவும், இரண்டு விளக்குகளின் சூடும் ஒரே வேளையில் நீரில் இறங்காது. மின்தடை வந்தால் மட்டும், இன்வெர்ட்டரில் முதல் இடம் விளக்குக்கன்று, நீரைச் சுழற்றும் பம்புக்கு.