மாசம் எவ்வளவு கட்டுவீங்க, அண்ணாச்சி?

பழைய கார் தரகு என்றாலே வாய்ச்சாமர்த்தியம் என்றுதான் அச்சன்புதூரிலும் கடையநல்லூரிலும் நினைப்பு. எங்களை இளக்காரமாகப் பேச அது ஒன்று போதும். உண்மையில் வாய்க்கு வேலை கடைசிக் கால் மணி நேரம்தான். அதற்குள் ஆர்.சி.யைப் புரட்டி, வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்ததிலேயே விலை பாதி முடிந்திருக்கும். சீட் பெல்ட்டை அடிவரை இழுத்தால் சில வண்டிகளில் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக்கறை கோடு கட்டியிருக்கும். சீட் உறையை மாற்றுவார்கள், சென்ட் அடிப்பார்கள். சுருளுக்குள் கிடக்கும் பெல்ட்டைக் கழுவ யாருக்கும் பொறுமை கிடையாது. 2018-இல் கேரளத்திலும், 2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரையிலும் வெள்ளம் வந்தது. வண்டி கேரள எல்லையில் புளியரை தாண்டி வந்தாலும் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தாலும், அந்த ஒரு முழத்தைப் பார்க்காமல் விலை பேச உட்காரக் கூடாது.

இப்போதைய பிள்ளைகள் செல்போனில் ஒரு தொகையைக் காட்டி, 'இதுதான் ரேட்' என்கிறார்கள். மாடல், வருஷம், கிலோமீட்டர் வைத்து வந்த தொகை அது. பானெட்டுக்கு உள்ளே ஏப்ரன் தகட்டில் வெல்டிங் விழுந்ததோ, ஆர்.சி.யில் ஹெச்.பி. என்கிற கடன் பதிவு கேன்சல் ஆகாததோ அதற்குத் தெரியாது. 2025 செப்டம்பர் 22-இல் சின்னக் கார்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. புதுசு இறங்கினால் பழசும் இறங்கியாக வேண்டும்; முந்தைய விற்பனைகளை வைத்துப் போட்ட கணக்கு அன்றைக்கே செல்லாததாகிவிட்டது.

ஆனாலும் வாங்குகிறவர் பணத்தை விடுவது இங்கே அல்ல. 'மாசம் எவ்வளவு கட்டுவீங்க, அண்ணாச்சி?' என்று டீலர் கேட்பாரே, அங்கேதான். பதில் சொன்ன நிமிஷமே பேச்சு வண்டி விலையை விட்டுத் தவணைக்குப் போய்விடும். 3 லட்சம் கடன், 14 சதவீத வட்டி, 48 மாதம் என்றால் தவணை சுமார் 8,200, மொத்தம் 3,93,500. டீலர் பெரிய மனசு பண்ணி விலையில் 10,000 குறைத்து, 60 மாதமாக நீட்டுகிறார். தவணை 6,750 ஆகிறது. வாங்குகிறவர் ஜெயித்த முகத்தோடு எழுந்திருக்கிறார். கட்டப்போவதோ சுமார் 4,05,000. குறைத்துக் கொடுத்தும் 11,000 ரூபாய்க்கு மேல் போகிறது! இந்த ஒரு கேள்விக்கு 'முதல்ல வண்டி விலையைச் சொல்லுங்க' என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதுதான் எங்கள் தொழிலிலேயே கஷ்டமான வேலை. படித்தவர்கள்தான் சீக்கிரம் விழுகிறார்கள்.

டீலரும் பிழைக்க வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான், ஷெட் வாடகை இருக்கிறது, நிற்கிற வண்டிக்கு வட்டி ஓடுகிறது. அதற்காக 'ஜி.எஸ்.டி. 18 சதவீதம்' என்று முழு விலை மேல் ஏற்றுவதை ஒப்புக்கொள்ள முடியாது. 2025 ஜனவரி முதல் எல்லாப் பழைய கார்களுக்கும் அந்த விகிதம் வந்தது உண்மை. ஆனால் அது டீலரின் லாபத்துக்கு மட்டும். 3,60,000-க்கு வாங்கி 4 லட்சத்துக்கு விற்றால் வரி 7,200, 72,000 அல்ல. பெரிய கடைகளில் பேரமே கிடையாதே என்று கேட்கலாம். விலைதான் அசையாது, கடன், இன்சூரன்ஸ், பெயர் மாற்றச் செலவு எல்லாம் அசையும். எங்கள் கமிஷனுக்கு முகம் சுளிப்பவர்கள், அதே தொகை 'பிராசஸிங் சார்ஜ்' என்று அச்சடித்த தாளில் வந்தால் பேனாவை இரவல் வாங்கிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.