நிழலுண்ணி

தமிழிலே 'பிடித்தல்' என்னும் வினை பல பொருள்களில் வழங்குகின்றது. சளி பிடிக்கின்றது, சனி பிடிக்கின்றது, பைத்தியம் பிடிக்கின்றது, பேய் பிடிக்கின்றது. இத்தொடர்கள் யாவற்றிலும் பிடிப்பது வேறொன்று, பிடிபடுபவன் மனிதன். பிடிபட்ட பின் அவன் யாது எண்ணுகின்றான், யாது உணர்கின்றான் என்பது பற்றி இத்தொடர்கள் எதுவும் கூறா. இம்மௌனத்தை நான் கவனிக்க நேர்ந்தது ஒரு விளையாட்டின் வாயிலாக என்றால் வாசகருட் சிலர் நகைக்கக்கூடும். எனினும் உண்மை அதுவே.

எமது விடுதியில் நண்பர் சிலர் விடுமுறை நாள்களில் மேசையைச் சுற்றி அமர்ந்து 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை ஆடுவர். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 1974இல் வெளிவந்தது அது. ஆக்கியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர். ஒருவர் கதையை நடத்துவார்; ஏனையோர் வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்று, தாம் செய்வதை வாயாற் கூறுவர். செயல் பலித்ததா என்பதை இருபது முகங் கொண்ட பகடை தீர்மானிக்கும். எதிர்ப்படும் பூதங்களையெல்லாம் தொகுத்து 1977இல் 'மொன்ஸ்ரர் மனுவல்' என்னும் நூல் வெளியாயிற்று. நம் இதிகாசங்களின் இராட்சதனும் அதில் இருக்கின்றான். புலித்தலையோடு, புகைக்குழாயுங் கையுமாக! ஊனைத் துளைத்து இருதயத்தை நோக்கிச் செல்லும் புழுவொன்றும் உண்டு. காயத்தில் உடனே தீ வைத்தாலன்றித் தப்புவதரிது.

இத்தகைய நூல்களின் வேலை அச்சத்துக்கு எண் கொடுப்பதாகும். பூதத்தின் வலு இவ்வளவு, வேகம் இவ்வளவு, வீழ்த்தும் வழி இது என்று வகுத்துவிட்டால் அச்சம் ஒரு கணக்காகிவிடுகின்றது. ஆனால் இக்கணக்குக்கு எளிதில் அடங்காத ஓரினம் உண்டு. அது பிறர் உடலுட் புகும் பேய். இவ்விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்கென 2014இல் வெளிவந்த பூத நூலிற் பேய்க்குரிய விதி பின்வருமாறு அமைந்துள்ளது. பேய் அணுகும்போது, எதிர்ப்பட்டவர் பகடையில் விழுந்த எண்ணோடு தம் ஆளுமைக்குரிய எண்ணையுங் கூட்டிப் பதின்மூன்றை எட்டவேண்டும். எட்டாவிடின் பேய் உட்புகுந்து உடலை ஆளும். அதன்பின் வாள்வீச்சு எதுவும் பேயைத் தீண்டாது. படுவதெல்லாம் உடலிற்றான் படும். அவ்வுடல் வீழ வேண்டும், அல்லது பேய் தானாக நீங்க வேண்டும், அல்லது உரிய மந்திர வலிமை அதனை வெளியேற்ற வேண்டும். இவற்றுக்கிடையே சிறிய வாசகமொன்று உண்டு: பிடிபட்டவர் தம் உடலை ஆளும் வலுவை இழப்பார், ஆனால் விழிப்புணர்வை இழக்கமாட்டார்.

நம் 'பிடித்தல்' சொல்லாதுவிட்டதை இவ்விதி சொல்லிவிடுகின்றது. பிடிபட்டவன் உள்ளேயே இருக்கின்றான்; யாவற்றையுங் கேட்டுக்கொண்டிருக்கின்றான்.

இயற்கையிலும் இதற்கு ஒப்பானவை உண்டு. மரகத நிறக் குளவியொன்று கரப்பான் பூச்சியின் மூளையிற் கொட்டி, உணர்கொம்பைப் பற்றி, கன்றை இழுத்துச் செல்வது போலத் தன் வளைக்கு நடத்திச் செல்லும்; அங்கே அதன்மேல் முட்டையிடும். எறும்பினுட் புகும் பூஞ்சணமொன்று அவ்வெறும்பைச் செடியில் ஏறச்செய்து, இலையைக் கவ்வியபடியே மாளச்செய்யும். 2017இல் வெளியான ஆய்வொன்றில், பூஞ்சணக் கலங்கள் எறும்பின் தசைகளெங்கும் பரவியிருந்தன, மூளையினுட் புகவில்லை. எறும்புக்கு எம்மைப் போன்ற உணர்வுண்டென்று யான் கூறவரவில்லை. ஆயினும் அதனைப் படித்த அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

சென்ற ஆண்டு நண்பர்கள் தம் கதைக்கு ஒரு புதிய பூதத்தை ஆக்கித் தருமாறு என்னைக் கேட்டனர். நான் அதற்கு 'நிழலுண்ணி' எனப் பெயரிட்டேன். மாட்டிலும் நாயிலும் ஒட்டி இரத்தங் குடிப்பதனை உண்ணி என்கின்றோம். இது நிழலில் ஒட்டுவது. உடலற்றது. தனித்திருப்போரையே நாடும். முதலில் உறக்கத்தை உண்ணும், பின் பசியை, பின் குரலை, ஈற்றில் நண்பரின் பெயர்களை. இவ்வளவும் எளிதாக எழுதிவிட்டேன். "சரி, இதனை எப்படிக் கொல்வது?" என்று நண்பரொருவர் கேட்டபோது எழுதுகோல் நின்றுவிட்டது.

நிற்கக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் ஓர் அக்கா இருந்தார். திடீரெனப் பேச்சுக் குறைந்தது, உணவை வெறுத்தார், இரவெல்லாம் முற்றத்தில் அமர்ந்திருந்தார். பேய் என்றனர். ஒருவரை அழைத்து வந்தனர். வேப்பிலை அடித்தும் பலியாதபோது பிரம்பெடுத்தார். அடி பேய்க்கென்றே யாவரும் நம்பினர். தழும்பு அக்காவின் முதுகில் இருந்தது. பின்னர் வைத்தியசாலையில் மனநோய்ச் சிகிச்சை பெற்று, பல மாதங்களிற் றேறினார். ஒருநாள் அவர் என்னிடம், "எல்லாம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது தம்பி. வாய்தான் வரேல்லை" என்றார்.

விந்தை என்னவெனில், பேய்களைப் பற்றிய அவ்விளையாட்டே அமெரிக்காவிற் பேயாகக் கருதப்பட்டது. 1979இல் மிச்சிக்கன் அரச பல்கலைக்கழகத்தில் பதினாறு வயது மாணவரொருவர் காணாமற்போனார். அவர் இவ்விளையாட்டை ஆடுபவர் என்றறிந்ததும், நிலத்தடிச் சுரங்கங்களில் விளையாடி மறைந்தார் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின் அவர் லூசியானா மாநிலத்திற் கண்டுபிடிக்கப்பட்டார். விளையாட்டு அவரைப் பிடித்திருக்கவில்லை, மனச்சோர்வே பிடித்திருந்தது. அடுத்த ஆண்டில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவ்வுண்மையைவிடக் கட்டுக்கதையே நீண்டகாலம் வாழ்ந்தது. 1982இல் அதனையொட்டிய திரைப்படம் வந்தது. 1983இல் விளையாட்டை எதிர்க்கவென்றே ஒரு சங்கம் தோன்றிற்று. பலரும் பேயைத் தேடினர்; துயருற்ற பையனைக் கண்டவர் மிகச் சிலர். எங்கள் ஊர்ப் பிரம்புக்கும் அந்நாட்டுச் செய்தித்தாளுக்கும் இடையே பெரிய தூரம் இல்லை என்றே எனக்குத் தோன்றுகின்றது.

ஆதலின் நிழலுண்ணிக்கு நான் வகுத்த விதி இது. வாள், அம்பு, தீ எதுவும் அதன்மேற் செல்லா. செலுத்தினால் நண்பனின் வலுவே குறையும். தோழர் ஒருவர் தம் முறையில் வேறெதுவுஞ் செய்யாது பிடிபட்டவனருகே அமர்ந்து, அவனைப் பெயர் சொல்லி அழைக்கலாம். அவ்வாறு ஒருவர் அமருந்தோறும் பிடிபட்டவன் மீண்டும் ஒருமுறை பகடை எறியலாம். எத்தனை முறை தவறினும் தடையில்லை. அருகே ஒருவர் இருத்தல் வேண்டும். மந்திர வைத்தியர் எவராவது குழுவில் இருப்பின் அவரிடம் கொண்டுசெல்லலாம். ஆனால் கூடச்செல்ல வேண்டும்.

ஆடிப் பார்த்தோம். வீரனாக ஆடியவர் முதலில் வாளையே உருவினார்; நண்பனின் வலு பாதியாயிற்று. பின் ஒவ்வொருவராக அமர்ந்தனர். ஆறு முறை பகடை தவறிற்று. மேசையிற் பேச்சு அடங்கிவிட்டது. ஏழாவது எறிதலிற் பதினெட்டு விழுந்தது.

ஆட்டம் முடிந்தபின், "இந்தப் பூதத்தை வென்றாற் பொன்னுமில்லை, புகழுமில்லை, யார் ஆடுவார்?" என்று குறைப்பட்டுக்கொண்டார் ஒருவர். அவர் கூற்று நியாயமானதே. விளையாட்டுக்கு அது ஏற்ற பூதமன்று போலும். எனினும் ஒரு பல்கலைக்கழக விடுதியில் எத்தனை அறைகள். அவற்றுட் சில கதவுகள் நாட்கணக்கிற் றிறவாதிருக்கின்றன. உள்ளே இருப்பவருக்கு நாம் தட்டுவது கேட்கும்.