அக்கா பார்க்காத பாதி

போன வருடம் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பெரிய நடிகையெல்லாம் இல்லை. சீரியலில் ஹீரோயினுக்கு ஒன்றுவிட்ட அக்கா, சினிமாவில் பக்கத்து வீட்டுக்காரி, ஒரு படத்தில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அழுகிற அம்மா. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ‘எங்கியோ பாத்திருக்கனே’ என்று யோசிப்பார்கள். பெயர் யாருக்கும் தெரியாது. ஆனாலும் அன்றைக்கு மேடை, மாலை, மைக் எல்லாம் இருந்தது. ஒரு பெண் எழுந்து கேட்டாள்: “குடும்பத்தையும் நடிப்பையும் எப்படி மேடம் பேலன்ஸ் பண்றீங்க?”

“டைம் மேனேஜ்மென்ட்தான்” என்றேன். கைதட்டினார்கள்.

ராத்திரி வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். “ஓ, டைம் மேனேஜ்மென்டா” என்று சிரித்தாள். அவ்வளவுதான். குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு பல நாள் என்னைத் தூங்கவிடவில்லை. இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம்.

எங்கள் ஊர் அனுப்பர்பாளையம். திருப்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு பனியன்தான் ஞாபகம் வரும். எங்களுக்கு முதலில் பாத்திரம். பித்தளைக் குடம், செம்பு அண்டா, தவலை, சொம்பு. பொங்கலுக்கு முன்னால் தெருவில் நடந்தால் பட்டறைச் சத்தத்தில் பேச்சு கேட்காது. தகடு வெட்டுவது ஒருவர், தட்டுவது ஒருவர், பற்றவைப்பது ஒருவர், கடைசல் பிடிப்பது ஒருவர் என்று ஒரு குடத்துக்குப் பின்னால் பல கைகள் இருக்கும். குடத்தின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் தனித்தனியாகச் செய்து நடுவில் ஒட்டுவார்கள். கடைசலும் பாலீஷும் முடிந்த பிறகு ஒட்டு இருந்த இடம் சட்டென்று தெரியாது. கடைக்குப் போனால் குடத்தைத் தராசில் வைத்து எடைக்குத்தான் விற்பார்கள். ஒரு பக்கம் குடம், இன்னொரு பக்கம் படிக்கல். முள் நடுவில் நின்றால் சரி.

அப்பா அந்தப் பட்டறைகளில் ஒன்றில் தட்டுகிறவர். நாற்பது வயதுக்குள்ளேயே காது மந்தமாகிவிட்டது. மணிக்கட்டு வலியில் வேலைக்குப் போகாத நாட்கள் கூடிக்கொண்டே வந்தன. அக்கா பத்தாவது முடித்ததும் பனியன் கம்பெனிக்குப் போனாள். முதலில் கைமடி, பிறகு செக்கிங். சனிக்கிழமை சம்பளம் வாங்கிவந்து அம்மா கையில் கொடுப்பாள். எனக்கும் அவளுக்கும் ஆறு வயது வித்தியாசம். அந்தச் சனிக்கிழமைகளில்தான் நான் பன்னிரண்டாவது வரைக்கும் படித்தேன், கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போனேன், அங்கே நாடகம் போட ஆரம்பித்தேன். நடிக்கிறேன் என்று முதலில் சொன்னதும் அவளிடம்தான். “அழுகத் தெரியுமா உனக்கு? வீட்ல அடிச்சாக்கூட அழுக மாட்டியே” என்று கேட்டாள்.

எனக்குக் கல்யாணம் ஆனதும் உள்ளூரில்தான். கணவர் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மகள் பிறந்த பிறகு, நடிப்பு அவ்வளவுதான் என்று நானே முடிவுசெய்து வைத்திருந்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் போ என்றும் சொல்லவில்லை.

2015 மே மாதம் ‘36 வயதினிலே’ வந்தது. மகளுக்கு அப்போது எட்டு மாதம். அக்காதான் டிக்கெட் எடுத்துக் கூட்டிக்கொண்டு போனாள். ஜோதிகா 2006-ல் கல்யாணம் செய்துகொண்டு படங்களை விட்டவர். கிட்டத்தட்ட எட்டு வருட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்த படம் அது. மலையாள மூலமான ‘ஹவ் ஓல்டு ஆர் யூ’வும் அப்படித்தான். கல்யாணத்துக்குப் பிறகு விலகியிருந்த மஞ்சு வாரியர் 2014-ல் அந்தப் படத்தோடுதான் திரும்பினார். ஒரே கதை, இரண்டு மொழி, வீட்டிலிருந்து திரும்பி வந்த இரண்டு நடிகைகள்.

இன்டர்வெல் முடிந்து விளக்கு அணைந்ததும் மகள் அழ ஆரம்பித்தாள். நான் எழுந்திருக்கப் போனேன். அக்கா குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். “நீ பாரு” என்றாள். படம் முடிகிற வரைக்கும் வெளியே வராண்டாவில் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நடந்திருக்கிறாள். நான் உள்ளே அழுது தீர்த்துவிட்டு, கண்ணெல்லாம் சிவந்து வெளியே வந்தபோது, “நல்லாருந்துதா? அப்ப நீயும் போ கண்ணு. புள்ளைய நான் பாத்துக்கறேன்” என்றாள்.

நான் போனேன். அந்தப் படத்தின் இரண்டாவது பாதியை அக்கா இன்றுவரை பார்க்கவில்லை என்பது எனக்குப் பல வருடம் உறைக்கவே இல்லை.

அக்காவுக்கு சூர்யா என்றால் உயிர். காரணம் கேட்டால், “அவரு நம்ம லைன் ஆளு” என்பாள். உண்மைதான். சிவகுமாரின் மகன் என்று காட்டிக்கொள்ளாமல் சென்னையில் ஒரு ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் வேலை பார்த்தவர் அவர். முதல் பதினைந்து நாளுக்கு 750 ரூபாய் சம்பளம் என்று 2024-ல் ஒரு பேட்டியில் சொன்னார். சொந்தமாகத் தொழில் தொடங்கும் ஆசைதான் இருந்திருக்கிறது. அம்மா, அப்பாவுக்குத் தெரியாமல் வாங்கிய 25,000 ரூபாய் கடனை அடைக்கத்தான் நடிக்க வந்தேன் என்றும் சொன்னார். அப்படி வந்த படம்தான் 1997-ன் ‘நேருக்கு நேர்’. அந்தப் பேட்டியை அக்கா போனில் மூன்று தடவை பார்த்தாள். 25,000 என்றதும் “இதத்தான் அம்மாக்காரிக வெளிய சொல்ல மாட்டாளுக” என்றாள்.

அந்தக் குடும்பத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. சிவகுமார் சூலூர் பக்கம் காசிகவுண்டன்புதூர்க்காரர். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வந்துவிடக்கூடிய தூரம். பத்து மாதக் குழந்தையிலேயே அப்பாவை இழந்தவர். அம்மா வளர்த்து, சென்னைக்கு ஓவியம் படிக்கப் போய், 1965-ல் ‘காக்கும் கரங்கள்’ மூலம் நடிக்க வந்தார். அடுத்த தலைமுறையில் தம்பி கார்த்தி அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து மணிரத்னத்திடம் உதவி இயக்குநராகச் சேர்ந்தார். அண்ணன் நடித்த ‘ஆய்த எழுத்து’ படத்தில் அவர் கேமராவுக்குப் பின்னால் நின்றார். ‘பருத்திவீரன்’ 2007-ல்தான். அண்ணி திரும்பி வந்த படத்தைத் தயாரித்தது அண்ணனின் 2டி நிறுவனம். தம்பி விவசாயியாக நடித்த ‘கடைக்குட்டி சிங்கம்’ படத்தையும் 2018-ல் அதே நிறுவனம்தான் எடுத்தது. அதற்கடுத்த வருடம் ‘தம்பி’ படத்தில் அண்ணியும் கொழுந்தனும் அக்கா தம்பியாக நடித்தார்கள்.

ஒருவர் முன்னால் நிற்கும்போது இன்னொருவர் பின்னால் நிற்கிறார். பிறகு இடம் மாறுகிறது. அதுதான் அந்த வீட்டில் எனக்குப் பிடித்தது. ஜோதிகாவுக்கு அந்த இடம் மாற வருடக்கணக்கில் ஆனது என்பதையும் மறக்கக்கூடாது. கல்யாணத்துக்குப் பிறகு சூர்யாவின் படங்கள் வந்துகொண்டேதான் இருந்தன. ஜோதிகாவைத்தான் எல்லோரும் ‘எப்போது திரும்பி வருவீர்கள்’ என்று கேட்டார்கள். இப்போது அந்தக் குடும்பம் மும்பையில் இருக்கிறது. பதினெட்டு வயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்தவருக்கு இனி தன் பெற்றோர், தன் நண்பர்கள், தன் வேலை என்று நேரம் வேண்டும் என்று கணவரே வெளிப்படையாகச் சொன்னார். மாதத்தில் இருபது நாள் வேலை, பத்து நாள் மும்பையில் பிள்ளைகளோடு என்று வைத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் சொன்னதையும் எழுதிவிட வேண்டும். “நல்லதுதான். ஆனா எம்பட கம்பெனில பத்து நாள் வீட்ல இருந்தேன்னு வெய்யி, பதினோராவது நாள் எம்மிசின்ல வேற ஆளு உக்காந்திருக்கும்.”

திருப்பூரில் காலை 8.30-லிருந்து மாலை 5.30 வரை ஒரு ஷிப்ட். ராத்திரி 8.30 வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். ஊரே அந்த ஒன்றரை ஷிப்ட் கணக்கில்தான் வாழ்கிறது. வீட்டு வாடகை, சீட்டு, பிள்ளை ஃபீஸ் எல்லாம் அந்த அரை ஷிப்டில் இருக்கிறது. நான் சென்னையில் ஷூட்டிங்கில் இருக்கும் நாட்களில் அக்கா அந்த அரையை விட்டுவிட்டு 5.30-க்கே வந்துவிடுவாள், என் மகளுக்காக. அதற்கு நான் போட்ட பெயர்தான் டைம் மேனேஜ்மென்ட்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி. பொள்ளாச்சியில் எனக்கு ஆறு நாள் ஷூட்டிங். நான் நடித்ததிலேயே பெரிய வேடம், நான்கு காட்சி. ஐந்தாவது நாள் ராத்திரி போன் செய்தேன். மகள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. “தூக்கக் கலக்கம்” என்று அக்கா போனை வாங்கிக்கொண்டாள். ஆறாவது நாள் முடித்து வந்து பார்த்தால் வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும், குழந்தைக்கு டெங்கு, நான்கு நாளாக ஆஸ்பத்திரியில்.

வார்டில் போய் அக்காவைப் பார்த்துக் கத்தினேன். ஏன் சொல்லலை, நீ யாரு முடிவு பண்றதுக்கு, நான் அவ அம்மா. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மகளின் கையில் டிரிப்ஸ் ஊசி நகராமல் பிடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: “சொன்னா நீ வந்துருவ. வந்தா அந்த வேசம் போயிரும். அது போச்சுன்னா, நான் இத்தன வருசம் பாத்ததெல்லாம் எதுக்கு?”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் நடிப்பு என் ஆசை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதில் அவள் முதல் போட்டிருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் செய்தது சரியா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிளேட்லெட் எண்ணிக்கை இறங்கிய அந்த இரண்டாவது நாளை நினைத்தால் வயிறு கலங்குகிறது. கோபம் முழுசாகப் போகவில்லை. அதற்கு மேலே நன்றி ஒட்டிக்கொண்டு, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தொகை அவள் கணக்கில் போட ஆரம்பித்தேன். எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். ஒரு வருடம் கழித்து அவள் வீட்டுப் பரணில் துணி சுற்றிய மூட்டையைப் பார்த்தேன். இரண்டு பித்தளைக் குடம், ஒரு தவலை, ஒரு குத்துவிளக்கு. “பாப்பாவோட சீருக்கு” என்றாள். பிறகு, “நீ கூலி குடுத்தா நான் வாங்கிக்குவனா?” என்றாள். அந்தக் காசில் ஒரு ரூபாயைக்கூட அவள் தனக்கென்று தொடவில்லை.

இந்தக் கதையில் எனக்குத் தெரியாமல் இன்னொன்றும் இருந்தது. கல்லூரி விழா முடிந்த அடுத்த வாரம் சந்தையில் அக்காவோடு செக்கிங்கில் இருக்கும் பெண்ணைப் பார்த்தேன். என்னை ‘டிவிக்கார அக்கா’ என்பாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். “உங்கக்காளுக்கு ரெண்டு வாட்டி சூப்பர்வைசர் குடுத்தாங்கக்கா. வேண்டான்னுட்டாங்க. ஒன்றரை ஷிப்ட் கட்டாயம் நிக்கணுமில்ல? பாப்பா ஸ்கூல்ல இருந்து வந்துருமேன்னு.” தக்காளிப் பையோடு நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். மேடையில் கேட்ட கைதட்டல் ஞாபகம் வந்து கூசியது. அந்தப் பெண் பேலன்ஸ் என்று கேட்டபோது, தராசின் அந்தப் பக்கத் தட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி கணவரிடம் பேசினேன். பத்து வருடத்தில் அவரிடம் யாரும் எப்படி பேலன்ஸ் பண்றீங்க என்று கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கெட்ட மனுஷன் இல்லை. அக்கா இருக்கிறாளே என்று இருந்துவிட்டார், என்னைப் போலவே. முதலில் “அரை ஷிப்ட் போனா சீட்டுக்கு என்ன பண்றது” என்றார். கணக்குப் போட்டோம். இரண்டு நாள் சண்டை போட்டோம். கடைசியில், நான் ஊரில் இல்லாத வாரங்களில் மூன்று நாள் அவர் 5.30-க்கு வருவது, மாதத்தில் பாதி நாளுக்கு மேல் வெளியூர் வேலையை நான் ஒத்துக்கொள்வதில்லை என்று முடிவானது. இதனால் ஒரு சீரியல் போனது. வருத்தமாகத்தான் இருந்தது. இருந்தது என்றே எழுதுகிறேன்.

அக்காவிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப புள்ளைய எங்கிட்டிருந்து புடுங்கறயா?” அதையும் நான் எதிர்பார்க்கவில்லை. நான் விடுதலை என்று நினைத்துக் கொடுத்தது அவளுக்கு இழப்பாகவும் இருந்தது. ஒரு வாரம் பேசவில்லை. பிறகு மகள்தான் போய்ச் சமாதானம் செய்தாள். “பெரிம்மா, நீங்க சூப்பர்வைசர் ஆனா எனக்கு கம்பெனி சுத்திக் காட்டுவீங்களா?”

இந்த ஆடிக்குப் பிறகு அக்கா சூப்பர்வைசர். முப்பது பேர் கொண்ட லைன். முதல் வாரம் தொண்டை கட்டிக்கொண்டு வந்தாள், அத்தனை சத்தம் போட்டிருக்கிறாள்.

போன சனிக்கிழமை டிவியில் ‘36 வயதினிலே’ போட்டார்கள். நானும் மகளும் சமைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். கம்பெனி வண்டி வந்து, அக்கா வீட்டுக்குள் நுழையும்போது மணி ஒன்பது. இன்டர்வெல் தாண்டியிருந்தது.

“உக்காருக்கா, நீ பாக்காத பாதி இதுதான்” என்றேன்.

சோற்றுத் தட்டோடு உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் பார்த்திருப்பாள். திரும்பிப் பார்த்தால் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மகள் அவள் மடியிலிருந்த தட்டை மெதுவாக எடுத்து வைத்தாள். நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன்.